பக்கவாத்தியக்காரரின் பத்து இராகங்கள்

1982ஆம் ஆண்டில், எச்.எம்.வி. என்று நாமெல்லோரும் அறிந்த இந்திய கிராமபோன் கம்பனி ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. அதன் ஆங்கிலப் பெயரை ‘சிந்தசைசிங்: டிஸ்கோ தாளத்தில் பத்து இராகங்கள்’ என்று தமிழில் சொல்லலாம். அதில் தபேலா இல்லை, சித்தார் இல்லை, தம்புராவும் இல்லை. பிரதானமாக மூன்று யப்பானிய மின் கருவிகளும் அவற்றை இயக்கிய ஒரு மனிதரும்தான். பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் நீண்டகாலம் வாசித்துவந்த சரண்ஜித் சிங் என்பவரே அந்த மனிதர். தட்டு விலைபோகவில்லை. வாங்கியவர்கள் குறைவு, அதைப் பற்றிப் பேசியவர்கள் அதனினும் குறைவு.

இருபது ஆண்டுகள் கழித்து, 2002இல், இந்தியாவின் பழைய இசைத்தட்டுகளைத் தேடித் திரிந்த எடோ பௌமன் என்ற ஒல்லாந்துச் சேகரிப்பாளர் டில்லியில் அதன் பிரதியொன்றைக் கண்டெடுத்தார். 2010இல் அவரே அதை மறுபதிப்புச் செய்தார். உடனே மேலைத்தேயப் பத்திரிகைகளில் ஒரு பரபரப்பு. 1987இல் சிக்காகோ நகரத்துக் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கியதாகச் சொல்லப்படும் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற நடன இசையை, அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே பம்பாயில் ஒருவர் வாசித்துவிட்டாரே என்பதுதான் செய்தி. இது பின்னாளில் யாரோ செய்த மோசடி என்று சந்தேகித்தவர்களும் உண்டு. சந்தேகம் தீர்ந்தபின் சரண்ஜித் சிங்கிற்கு ‘ஆசிட் ஹவுஸின் தந்தை’ என்ற பட்டம் கிடைத்தது.

எனக்கு அந்தப் பட்டம் உவப்பாக இல்லை. தலைப்புகள் எழுதியே வயிறு வளர்த்தவன் என்ற முறையில், நல்ல தலைப்பொன்று எப்படி ஒரு மனிதரை மறைத்துவிடும் என்பதை நான் ஓரளவு அறிவேன்.

சரண்ஜித் சிங் யார் என்பதை முதலில் பார்ப்போம். எஸ்.டி. பர்மன், அவருடைய மகன் ஆர்.டி. பர்மன், சங்கர்-ஜெய்கிஷன், லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் ஆகியோரின் ஒலிப்பதிவுகளில் அவர் வாசித்திருக்கிறார். பேஸ் கிற்றார், மின்சார அக்கோர்டியன், பின்னர் சிந்தசைசர் எனக் காலத்துக்குக் காலம் புதிய கருவிகளைக் கற்றுக்கொண்டவர். பம்பாய் ஒலிப்பதிவுக் கூடங்களில் அக்காலத்தில் இத்தகைய வாத்தியக்காரர் நூற்றுக்கணக்கில் இருந்தனர். காலையில் வந்து, எழுதித் தந்த சுரங்களைப் பார்த்து வாசித்து, அன்றைய ஊதியத்தை வாங்கிக்கொண்டு மாலையில் வீடு திரும்புவார்கள். பாட்டின் முகப்பில் வந்து நாடு முழுவதையும் ஆட்டுவித்த அந்த நான்கு விநாடிச் சங்கதி அவர்களில் ஒருவரின் விரலிலிருந்து வந்ததாக இருக்கும். ஆனால், தட்டின் உறையில் அச்சாகும் பெயர்கள் இசையமைப்பாளருடையதும் பாடகருடையதும் பாடலாசிரியருடையதுமே.

அந்த இசையை நாங்கள் இங்கிருந்தே கேட்டோம். சொல்லப்போனால், இந்தியாவுக்கே நாங்கள்தான் அதைக் கேட்பித்தோம். இந்திய வானொலி ஐம்பதுகளின் தொடக்கத்தில் திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்தபோது, 1952இல் கொழும்பிலிருந்துதான் ‘பினாக்கா கீத்மாலா’ ஒலிக்கத் தொடங்கியது. அமீன் சயானியின் குரல் பம்பாயில் பதிவாகி, இலங்கை வானொலியின் இந்திச் சேவை வழியாக மீண்டும் இந்தியாவுக்கே போனது. இந்தி ஒரு சொல்லும் புரியாத யாழ்ப்பாணத்து வீடுகளில்கூடப் புதன்கிழமை இரவுகளில் அந்நிகழ்ச்சி கேட்டது. சரண்ஜித் சிங் என்ற பெயரைக் கேள்விப்படாமலே அவருடைய விரல்களை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். சென்னையில் இளையராஜாவின் இசைக்குழுவில் விசைப்பலகை வாசித்த விஜி மானுவேல் போன்றோரின் நிலையும் இதுவேதான். அவருடைய வாசிப்பு தமிழர் அனைவருக்கும் தெரியும். பெயரோ இசைப்பிரியர்களுக்கு மட்டுமே தெரியும்.

பத்திரிகைத் தொழிலிலும் இதற்கு நிகரான ஓர் இனம் உண்டு. ஆசிரிய பீடத்தில் இரவுப் பணியிலிருக்கும் உதவி ஆசிரியர்கள். நிருபரின் நீண்ட செய்தியை வெட்டி, இலக்கணம் திருத்தி, தலைப்பிட்டு, பக்கத்தில் பொருத்துபவர்கள். காலையில் வெளிவரும் பத்திரிகையில் அவர்களின் பெயர் எங்கும் இராது. அதில் துக்கப்பட ஒன்றுமில்லை. தொழிலின் இயல்பு அது. நானும் பல ஆண்டுகள் அந்த மேசையில் இருந்தவன். ஆனால், அம்மேசையில் இருப்பவர் ஒருவர் ஒருநாள் தன் பெயரிட்டு எதையாவது எழுதினால், மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு அதைப் படிப்பார்கள். நாள்முழுதும் பிறருடைய வசனங்களைத் திருத்தியவன் தனக்கென்று எதை எழுதுவான் என்ற ஆவல்தான் காரணம். சரண்ஜித் சிங்கின் தட்டை எனக்கு முக்கியமாக்குவது அந்த ஆவலே. யாரும் கேட்காமல், எந்த இயக்குநரின் காட்சிக்கும் பொருந்த வேண்டிய கட்டாயமில்லாமல், அவர் தன் விருப்பப்படி செய்தது அது. திரைப்பாடல்களை வாத்தியத்தில் வாசித்த தட்டுகளும் அவர் பெயரில் உண்டு. அவை இன்னொருவரின் மெட்டுகள்.

இனி அந்தக் கருவிகள். மூன்றும் றோலண்ட் கம்பனியின் தயாரிப்புகள். அக்காலத்தில் சிங்கப்பூருக்குப் போனபோது அவர் இவற்றை வாங்கியதாகச் சொல்வார்கள். ‘யூப்பிட்டர்-8’ என்பது 1981இல் வந்த பெரிய சிந்தசைசர். ஒரே நேரத்தில் எட்டுச் சுரங்களை ஒலிக்க வல்லது. ‘ரி.ஆர். 808’ 1980இல் வந்த தாளக் கருவி. ‘ரி.பி. 303’ என்பதுதான் மூன்றிலும் சிறியது, விசித்திரமானது. தனியே கிற்றார் பயில்பவருக்குப் பக்கத்தில் பேஸ் வாசிக்க ஒரு துணை வேண்டும் என்பதற்காக வடிவமைக்கப்பட்டது. அதாவது, பக்கவாத்தியக்காரருக்குப் பதிலான இயந்திரம்! சுரங்களை ஒவ்வொன்றாக அதில் பதிந்து வைத்தால், சலிப்பில்லாமல் திரும்பத் திரும்ப வாசிக்கும். பேஸ் கிற்றாரைப் போல அது ஒலிக்கவேயில்லை என்பதுதான் சிக்கல். வாங்குவாரின்றி, ஏறத்தாழப் பத்தாயிரம் கருவிகளோடு 1984இல் உற்பத்தியே நின்றுபோயிற்று.

பேஸ் கிற்றாரையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவர் அதை வாங்கினார் என்பதை இவ்விடத்தில் கவனியுங்கள். அது நல்ல பேஸ் கிற்றார் இல்லை என்பது முதல் நாளிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். வேறு எதற்கு அது ஆகும் என்று அவர் யோசித்தார் என்றே நான் ஊகிக்கிறேன்.

அக்கருவியில் இரண்டு விசேடங்கள் உண்டு. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவாமல் வழுக்கிச் செல்லும்படி அதைப் பணிக்கலாம். மேலும், ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் சில அதன் முகப்பில் இருக்கின்றன. வாசிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றைத் திருப்பினால், அதே சுரவரிசை குடத்துக்குள் இருந்து பேசுவதுபோலத் தொடங்கி, மெல்லத் திறந்து, கீச்சிடும் அளவுக்குப் போய், மறுபடியும் அடங்கும். சுரம் மாறாமல் நாதம் மாறும்.

மேலைத்தேயப் பாட்டுக்கு இத்தகைய இயந்திரம் தொல்லை. அங்கே ஒவ்வொரு வரிக்கும் சுரக்கூட்டுகள் மாறும். பேஸும் அவற்றோடு மாற வேண்டும். நமது இசையில் அந்தத் தேவை இல்லை. ஆதார சட்ஜம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றுதான். தம்புரா கச்சேரி முழுவதும் ஒரே நான்கு தந்திகளை மீட்டுவதை எவரும் குறை சொல்வதில்லை. அந்த மாறாமையின் மேல்தான் இராகம் நடமாடுகிறது. சரண்ஜித் சிங் கண்டுபிடித்தது இதைத்தான். சலிக்காமல் ஒன்றையே சொல்லும் இயந்திரத்தைத் தம்புராவின் இடத்தில் வைத்தார். அதற்கு அந்தந்த இராகத்தின் சுரங்களைக் கொண்டே ஒரு சிறு சஞ்சாரத்தைக் கொடுத்தார். 808இன் தாளத்தை அதற்குக் கீழே ஓடவிட்டார். மேலே யூப்பிட்டர்-8இல் தன் விரல்களால் இராகத்தை விரித்தார். கீழே உள்ளவை இயந்திரம். மேலே ஓடுவது மனோதர்மம். ஒவ்வொரு இராகமும் ஐந்து நிமிடமளவில் முடிந்துவிடும்.

அவர் எடுத்துக்கொண்டவை இந்துஸ்தானி இராகங்கள். ஆனாலும் நம் செவிக்கு அவற்றில் பல அந்நியமல்ல. பூபாளி என்பது நமது மோகனம். (நமது பூபாளம் வேறு, பெயரைக் கண்டு மயங்க வேண்டாம்.) யமன் நமது கல்யாணி. மால்கௌன்ஸ் இந்தோளம். கலாவதி என்று அவர்கள் சொல்வது நம்முடைய வலஜி. பைராகி நம்முடைய ரேவதி. மேக் மல்ஹாரில் மத்தியமாவதியின் சாயலைக் காணலாம். மதுவந்தியில் தர்மவதியின் சாயலை. தோடி என்று அவர்கள் அழைப்பது நமக்குத் தோடியல்ல, சுபபந்துவராளி.

எஞ்சியிருப்பதில் லலித் தனித்த இராகம். சுத்த மத்தியமம், பிரதி மத்தியமம் இரண்டும் அதில் அடுத்தடுத்து வரும், பஞ்சமம் கிடையாது. நமது மேளகர்த்தா அமைப்பில் ஒரு மேளத்துக்கு ஒரு மத்தியமம்தான் என்பதால், இதற்கு நேரான இடமே நம்மிடம் இல்லை. நமது லலிதா வேறு இராகம். விடியற்காலைக்கு உரியதான லலித், இரண்டு மத்தியமங்களுக்கும் இடையில் தயங்கித் தயங்கி நகரும். அந்தத் தயக்கத்தை 303இன் வழுக்கல் பிடித்துக்கொள்கிறது. தட்டு முழுவதிலும் என்னை மிகவும் கவர்ந்த பகுதி அதுதான். அதற்கு மாறாக, யமன் ஏமாற்றமே. அத்தனை விரிந்த இராகத்தை ஐந்து நிமிட ஓட்டத்தில் அடைக்க முயன்றதில், ஏற்ற இறக்கங்களின் பயிற்சிபோல அது ஆகிவிட்டது. மோகனமும் இந்தோளமும் ஐந்தே சுரங்கள் கொண்டவை. இயந்திரத்துக்கு இசைவாகப் போகின்றன.

இத்தட்டை எனக்குத் தெரிந்த வாய்ப்பாட்டு ஆசிரியர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். யாழ்ப்பாணத்தில் ஐம்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர். பொறுமையாக முழுவதையும் கேட்டார். யமன் முடிந்ததும், “தம்பி, கல்யாணி எண்டு தெரியுது. ஆனால் நிஷாதத்திலை நிக்கேக்கை அசைவைக் காணேல்லை. கட்டையிலை விரலை வைச்சால் அது அங்கையே நிண்டு போகுது” என்றார்.

“வளைக்கிறதுக்கு அதிலை ஒரு பிடி இருக்கு மாஸ்ரர். சில இடத்திலை வளைக்கிறார்தானே?” என்றேன்.

“வளைக்கிறார், கேட்டது. அது வழுக்குறது. கமகம் வேறை.”

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. இது புதிய வழக்குமல்ல. ஆர்மோனியத்தின் சுரங்கள் கட்டைக்குக் கட்டை நிலைத்து நிற்பவை, நமது இசையின் அசைவுக்கு ஒவ்வாதவை என்று சொல்லி, அகில இந்திய வானொலி 1940இல் அக்கருவியைத் தடைசெய்தது. அத்தடை தளர 1971 வரை ஆயிற்று. சிந்தசைசர் அந்த வழக்கின் அடுத்த தலைமுறைப் பிரதிவாதி. இதே எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் யு. ஸ்ரீநிவாஸ் என்ற சிறுவன் மின்சார மண்டலினில் கச்சேரி செய்து சபாக்களை வென்றான் என்பதையும் மறக்க வேண்டாம். மின்சாரம் அங்கே தடையாக இருக்கவில்லை. தந்தி இருந்தது, அதை விரல் இழுத்தது, கமகம் பிறந்தது. யூப்பிட்டரில் தந்தி இல்லை.

ஆனால், மாஸ்ரரிடம் நான் ஒன்று கேட்டேன். சரண்ஜித் சிங் தன்னைப் பண்டிதர் என்று சொல்லிக்கொள்ளவில்லை; கச்சேரி மேடைக்கு இதைக் கொண்டுவரவுமில்லை. நடன மண்டபத்துக்கு இராகத்தைக் கொண்டுபோக முடியுமா என்று பார்த்தார். கமகத்தின் ஒரு பகுதி போய்விட்டது, சரி. பிரயோகங்கள் போய்விட்டனவா? வாதி, சம்வாதி போய்விட்டனவா? இராகம் எந்தச் சுரத்தில் தங்க வேண்டுமோ அங்கே தங்கவில்லையா? அவர் பதில் சொல்லாமல், லலித்தை மீண்டும் ஒருமுறை போடச் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு, “இந்த ஆளுக்கு ஞானம் இருக்கு” என்று மட்டும் சொன்னார். யமனைப் பற்றி அவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

சிக்காகோவுக்கு வருகிறேன். 303இன் உற்பத்தி நின்றபின், பழைய பொருட்கள் விற்கும் கடைகளில் அது மலிந்து கிடந்தது. வசதியற்ற இளைஞர்கள் அதை வாங்கினார்கள். ‘பியூச்சர்’ என்ற குழுவைச் சேர்ந்த மூவர் அதன் குமிழ்களைத் திருகிப் பார்த்தபோது எழுந்த ஒலியில் மயங்கி, அதையே நீண்டதொரு நடன இசையாகப் பதிவுசெய்தார்கள். ‘மியூசிக் பொக்ஸ்’ என்ற நடன மண்டபத்தில் றொன் ஹார்டி என்பவர் அந்த ஒலிநாடாவைப் போட்டார். 1987இல் அது ‘ஆசிட் ட்ராக்ஸ்’ என்ற பெயரில் தட்டாக வெளிவந்தது. அங்கிருந்து அந்த இசை இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் பரவியது. அவர்கள் எவரும் பம்பாய்த் தட்டைக் கேட்டதற்குச் சான்றில்லை. சரண்ஜித் சிங்கும் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற பெயரைத் தன் முதுமையில், அயல்நாட்டவர் வந்து சொன்னபோதுதான் அறிந்துகொண்டார்.

ஒரே கருவி, ஒரே தாளம், ஆதலால் ஒலியில் ஒற்றுமை. தந்தையென்று சொல்ல வேண்டுமானால் பிள்ளைக்கும் அவருக்கும் ஓர் உறவு இருக்க வேண்டாமா? அந்தப் பட்டத்தால் இரண்டு தரப்புக்கும் அநியாயம் நேர்கிறது. தம் கையால் ஒன்றைக் கண்டடைந்த சிக்காகோ இளைஞர்கள் இரண்டாமிடத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். சரண்ஜித் சிங்கோ மேலைத்தேய வரலாறொன்றின் முன்னுரையில் வரும் விநோதப் பாத்திரமாகிவிடுகிறார். அவருடைய தட்டின் பெயரில் இருக்கும் முக்கிய சொல் ‘இராகம்’. அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் நான் படித்தவரை, 303ஐப் பற்றி நான்கு பந்தியும் இராகங்களைப் பற்றி ஒரு வரியும் இருக்கின்றன. லலித்தையும் மால்கௌன்ஸையும் பிரித்தறியத் தெரியாதவர்களால் அதற்குமேல் எழுத முடியாது; அவர்களைக் குற்றஞ்சொல்வதற்கில்லை. எழுதியிருக்கக்கூடியவர்கள் நாம். வெளிவந்த காலத்தில் நமது பத்திரிகைகளில் இதைப் பற்றி எழுத இடமிருக்கவில்லை என்பதும் உண்மை. அடுத்த ஆண்டு, 1983 யூலையில், இந்த நாட்டில் நடந்ததை உலகறியும். அதன்பின் எங்கள் பக்கங்களுக்கு வேறு செய்திகள் வந்து சேர்ந்தன.

மறுபதிப்புக்குப் பின், எழுபது வயதைத் தாண்டிய நிலையில், சரண்ஜித் சிங் ஐரோப்பாவுக்கு அழைக்கப்பட்டார். அவருடைய பேரப்பிள்ளைகளின் வயதையொத்த இளைஞர்கள் முன்னால் நின்று ஆட, மேடையில் தன் கருவிகளின் பின்னால் சலனமில்லாமல் நின்று அதே இராகங்களை வாசித்தார். அந்நிகழ்ச்சிகளின் ஒளிப்பதிவுகள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். ஆரவாரம் எழும்போதும் அவருடைய முகத்தில் பெரிய மாற்றமில்லை. அடுத்த சஞ்சாரத்தில்தான் கண். ஒலிப்பதிவுக் கூடத்தில் வாழ்நாளைக் கழித்தவருக்கு உரிய பழக்கம் அது என்று நினைத்துக்கொண்டேன்.

2015 யூலை 5ஆம் திகதி, தமது 74ஆவது வயதில், மும்பையில் அவர் காலமானார். அடுத்த சில நாட்களில் வெளிவந்த இரங்கற் குறிப்புகளில் பெரும்பாலானவற்றின் தலைப்பில் சிக்காகோவின் இசை இருந்தது. திரையிசையில் அவர் வாசித்த பாடல்களின் முழுப் பட்டியல் எதிலும் இல்லை. அத்தகைய பட்டியலை யாராவது தயாரிக்க முயல்வார்களானால், ஒலிப்பதிவுக் கூடங்களில் அவருடன் கூட வாசித்தவர்களைத் தேடித்தான் போக வேண்டும். அவர்களும் இப்போது முதியவர்கள்.

தட்டைக் கேட்க விரும்பும் வாசகர்கள், உறையிலுள்ள வரிசையை விட்டு, லலித்தில் தொடங்குங்கள். பின்னர் பூபாளி, மால்கௌன்ஸ், கலாவதி. யமனைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் ஒரு நிமிடம் தாளம் காதை அடைக்கும். மேலே ஓடும் சுரங்களை மட்டும் பின்தொடருங்கள்.